சுகந்தியின் சோறும் என் இடுப்பும்

1. புதன்கிழமை

புதன்கிழமை என்றால் தக்காளி சாதமும் மிளகு முட்டையும். மணி பதினொன்றரை இருக்கும். அரிசி வெந்து பதத்துக்கு வந்துவிட்டது. உடனே வடிக்க வேண்டும், விட்டால் குழைந்துவிடும். என் உதவியாளர் ராணி அன்று ஒரு சாவுக்குப் போயிருந்தாள். அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு உலை வைக்கிற குண்டானை ஓர் ஆளாகத் தூக்க முடியாது. ஒரு காதை நான், மறு காதை ராணி, சாக்குத் துணி போட்டுப் பிடித்துத் தூக்கி, தொட்டி விளிம்பில் வைத்துச் சாய்ப்போம். பதினெட்டு வருஷமாக அதுதான் எங்கள் வழக்கம்.

சுகந்தி எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறவள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவாள். அன்று ரவையும் சேமியாவும் வந்து இறங்கியதால் அவற்றை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒரு பக்கம் புடிக்கட்டுமாக்கா?"

"வேண்டாம். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. இரண்டு காதையும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கித் தொட்டிப் பக்கம் திரும்பினேன். இடுப்பில் சுளீரென்று ஒன்று இழுத்தது. குண்டானை எப்படியோ விளிம்பில் வைத்துவிட்டேன். ஆனால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுகந்தி ஓடி வந்தாள். அவள் முதலில் என்னைப் பிடிக்கவில்லை, குண்டானைப் பிடித்தாள். தனியாகவே சாய்த்து வடித்தாள். அதுதான் முறை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வலியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்திலும் நான் சோற்றைத்தான் பார்த்தேன். பொலபொலவென்று வந்திருந்தது. என் கையில் வடித்தால் அடியில் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். அவள் வடித்ததில் ஒரு பருக்கை ஒட்டவில்லை. இடுப்பு ஒடிந்தது ஒரு பக்கம் என்றால், இது இன்னொரு பக்கம்.

2. ஆயாவும் அக்காவும்

என் பெயர் தனக்கொடி. வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையலராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். எட்டாவது வரை படித்தவள். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். அதனால் என் அற்பத்தனத்தையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

காலைச் சாப்பாடு வருவதற்கு முன்னால், பத்தே முக்கால் இடைவேளை மணி அடித்ததும் என் அடுப்படி ஜன்னலில் இருபது தலை தெரியும். "ஆயா, இன்னிக்கு என்ன?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரே சாப்பாடுதான், கிழமையைச் சொன்னாலே தெரிந்துவிடும். ஆனாலும் கேட்பார்கள். பசி அப்படி. அந்தக் கேள்விக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்வேன்.

பிறகு மகளிர் குழுவிலிருந்து சுகந்தியை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எட்டேகால் மணிக்கே தட்டில் சூடாகப் போட்டாள். பிள்ளைகள் வயிறு நிறைந்து வகுப்புக்குப் போனார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பத்தே முக்காலுக்கு என் ஜன்னல் காலியாக இருந்தது. மதியம் குண்டானில் சோறு மிஞ்சியது. என்னைப் பதினெட்டு வருஷமாக ஆயா என்று கூப்பிட்ட பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

நல்ல அடுப்பை நான் எடுத்துக்கொண்டு சீறுகிற அடுப்பை அவளுக்குத் தள்ளினேன். நீளக் கரண்டியை ஒளித்து வைத்தேன். அவள் பொங்கலில் மிளகு அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஹெச்.எம். சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

இப்போது புரிந்திருக்கும், அந்தப் புதன்கிழமை அவளை ஏன் ஒரு காது பிடிக்க விடவில்லை என்று.

3. நாத்தனார் வைத்தியம்

பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, தசைதான் பிடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, ஓய்வில் இருக்க வேண்டும் என்றார். கால் மரத்துப்போனால் உடனே வரச் சொன்னார்.

மாத்திரை தீர்ந்த அன்று என் நாத்தனார் ராசாமணி தா.பழூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். நாற்பது வருஷம் வயலில் குனிந்து நாற்று நட்டவர், இன்றைக்கும் நெட்டுக்குத்தாக நடப்பார். கையில் ஒரு சாக்கு நிறைய நொச்சித் தழை.

"டாக்டரு எலும்பு நல்லாருக்குன்னு சொன்னதுனாலதான் நான் கை வெக்கிறேன். இல்லாட்டி தொட மாட்டேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கட்டிலை எடுத்து நிறுத்திவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரித்தார். காலையில் நொச்சித் தழையும் புளியந்தழையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கை பொறுக்கிற சூட்டில் இடுப்பில் ஊற்றுவார். துடைத்துவிட்டு விளக்கெண்ணெய் தடவுவார், அழுத்த மாட்டார். சாயங்காலம் கல் உப்பையும் கொள்ளையும் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். காலையில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. ராத்திரிக்கு முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல். நடுவில் வாசல் வரைக்கும் மெதுவாக நடை. எல்லாம் சொல்லக் கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும். கஷ்டம் எதில் என்றால், சும்மா படுத்திருப்பதில்தான்.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் இப்படியே இருக்க வேண்டும் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் பத்து நாள் என்று கணக்குப் போட்டேன்.

4. மிச்சமே இல்லக்கா

எனக்குப் பதிலாகப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஆள் கேட்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. அதுவரை ராணியோடு சுகந்தியே மதியத்துக்கும் நிற்கட்டும் என்று ஹெச்.எம். சார் சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் ராணி என்னைப் பார்க்க வருவாள். நலம் விசாரிக்கத்தான் வருவாள், பாவம். நான் அவளை விசாரணைக் கைதி மாதிரி ஆக்கிவிட்டேன்.

சமையலுக்கு மார்க் போடுவது ஹெச்.எம். சாரோ ஆபீசரோ இல்லை, குண்டானின் அடிதான். அடியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. அதனால் நான் கேட்பது ஒரே கேள்வி.

"இன்னிக்கு மிச்சம் எவ்வளவு?"

"மிச்சமே இல்லக்கா."

மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாள், கேட்பதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்து, "கொஞ்சம் மிஞ்சுச்சுக்கா" என்றாள். என் மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. உண்மையைவிட அது இன்னும் எரிந்தது.

ஒரு வியாழக்கிழமை சாம்பார் சாதத்தை ஒரு தூக்கில் போட்டு சுகந்தி கொடுத்து அனுப்பியிருந்தாள். எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். நாத்தனார் என் கண் முன்னால் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார். அவர் கை கழுவப் போன நேரத்தில் தூக்கின் அடியில் இருந்ததை ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தேன். சின்ன வெங்காயத்தை நசுக்கி, வெந்தயத்தோடு வதக்கிக் கடைசியில் கொட்டியிருந்தாள். அது என் கைப்பக்குவம். ராணி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் சாம்பார் என்னைவிட நன்றாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் போல. என் சாம்பாரை வைத்து அவள் பெயர் வாங்குகிறாள் என்பது எனக்குத் தாங்கவில்லை.

சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இடுப்பு சரியானால் வெள்ளிக்கிழமை நடை திறக்கும்போது வந்து மாவிளக்கு போடுகிறேன் என்று முதல் பாதி. ஒரே ஒரு நாள் அவள் சோறு அடிப்பிடிக்கட்டும் என்று இரண்டாவது பாதி. ஆத்தா எதற்கும் காது கொடுக்கவில்லை.

5. வடிக்காத சோறு

பன்னிரண்டாம் நாள், நாத்தனார் தழை ஒடிக்கப் போன நேரம் பார்த்து இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். வலி பாதி குறைந்திருந்தது. அதை முழுதாகக் குறைந்த மாதிரி நானே நினைத்துக்கொண்டேன்.

அடுப்படியில் நுழைந்தால் எல்லாம் மாறியிருந்தது. குண்டான் அடுப்பிலேயே இருக்கிறது. பக்கத்தில் முக்காலி மேல் ஒரு மூங்கில் கூடை, அதில் வெள்ளைத் துணி. சுகந்தி அரிகரண்டியால் சோற்றை அள்ளி அள்ளிக் கூடையில் போடுகிறாள். கஞ்சி தானாகக் கீழே வடிகிறது. குண்டானை யாரும் தூக்கவே இல்லை.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு உடனே புத்தி வந்திருக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. பதினெட்டு வருஷம் நீ முட்டாள்தனமாகத் தூக்கினாய் என்று அவள் சொல்லாமல் சொல்கிறாள் என்று தோன்றியது.

"கரண்டியில அள்ளுனா அது சோறா? ராணி, நீ அந்தப் பக்கம் புடி," என்றேன்.

ராணி தயங்கினாள். சுகந்தி, "வேணாங்க்கா, டாக்டரு தூக்கக் கூடாதுன்னாருல்ல," என்றாள். அவள் சொன்னதாலேயே ஒரு காதைப் பிடித்துத் தூக்கினேன், வேறு வழியில்லாமல் ராணியும் மறு காதைப் பிடித்தாள். பாதி வழியில் இடுப்பு மறுபடியும் பிடித்தது, என் கை விட்டது. நல்ல வேளை, கொதிகஞ்சி யார் மேலும் படவில்லை. ஆனால் அறுபத்தெட்டுப் பேருக்கான சோற்றில் முக்கால்வாசி தரையில் கிடந்தது.

வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி காலைச் சாப்பாட்டு ரவையை எடுத்து அரை மணி நேரத்தில் உப்புமா கிண்டி இறக்கினாள். நான் சுவரோரமாகப் படுத்தபடி அந்தத் தாளிப்பு வாசனையை முகர்ந்துகொண்டிருந்தேன்.

ஹெச்.எம். சார் வந்து யார் கொட்டியது என்று கேட்டார். சுகந்தி என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லவில்லை. "அக்காதான் சார் தூக்குனாங்க. சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாங்க," என்றாள். உடம்பு முழுதாகச் சரியாகி, டாக்டர் சான்றிதழோடு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. இடுப்பு சரியாகாவிட்டால் அந்த அடுப்படி எனக்கு இல்லை, அவளுக்குத்தான் என்பது அன்று உறுதியாகிவிட்டது.

6. இரண்டு பாய்

நாத்தனார் திட்டவில்லை. "முதல் நாளுன்னு வெச்சுக்க" என்று பாயை மறுபடி விரித்தார். நாற்பத்தெட்டு நாள் ஒன்றிலிருந்து தொடங்கியது.

அந்த வாரக் கடைசியில் சுகந்தி என்னைப் பார்க்க வந்தாள். தரையில் உட்காரும்போது முழங்காலில் கை ஊன்றி ஒருக்களித்து உட்கார்ந்தாள். நாத்தனார் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"உனக்கும் இடுப்பா?"

முதலில் இல்லை என்றாள். பிறகு சொன்னாள். இரண்டாவது பிள்ளை ஆபரேஷனில் பிறந்ததிலிருந்தே வலியாம். அதனால்தான் தூக்காமல் அள்ளுகிற வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். வலியோடுதான் அந்தப் புதன்கிழமை ஒரு காது பிடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வலியோடுதான் என் குண்டானைத் தனியாகச் சாய்த்திருக்கிறாள்.

"வெளிய சொல்லிடாதீங்க்கா. குழுவுல மூணு பேரு இந்த எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா என்னைய மாத்திடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நாத்தனார் அவளையும் விடவில்லை. தினமும் வேலை முடிந்து வரச் சொன்னார். என் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய். இரண்டு பேரும் குப்புறப் படுத்திருப்போம், நடுவில் நாத்தனார் உப்பு மூட்டையோடு உட்கார்ந்திருப்பார். அவளுக்கு எத்தனை தடவை வைக்கிறார், எனக்கு எத்தனை தடவை வைக்கிறார் என்று தலையைத் திருப்பிப் பார்ப்பேன். அவளுக்கென்று எடுத்து வைத்த களியில் எண்ணெய் ஒரு கரண்டி கூட ஊற்றியதாகத் தோன்றும். கேட்டால், "அவ வேலைக்குப் போயிட்டு வரா, நீ படுத்தே கெடக்குற," என்பார். பிள்ளைகள் போனார்கள், சாம்பார் போனது, இப்போது என் சொந்த நாத்தனாரும் அவள் பக்கம் போய்விட்டார்.

வயசு ஒரு காரணம். இருபது நாளில் அவள் கை ஊன்றாமல் எழுந்தாள். நான் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். அன்று அவள் சிரித்துக்கொண்டே என்னிடம், "எனக்கு விட்டுருச்சுக்கா," என்றாள். நானும் சிரித்தேன்.

7. வாயால் கெட்டது

இரண்டு நாள் கழித்து மகளிர் குழுத் தலைவி என்னைப் பார்க்க ஆப்பிளோடு வந்தார். பேச்சு பேச்சாக இருக்கும்போது, சுகந்தி இரண்டு வேளையும் சமாளிக்கிறாளே, பெரிய ஆள்தான் என்று புகழ்ந்தார்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவ்வளவு அக்கறையாகப் பேசினேன். "நல்ல புள்ளதான். ஆனா அவளுக்கே இடுப்பு முடியல. எப்ப எதக் கீழ போடுவாளோன்னு புள்ளைங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு."

சோற்றைக் கீழே போட்டவள் நான். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம்கூட நா கூசவில்லை. சொல்லி முடித்ததும் இடுப்பு வலி குறைந்த மாதிரி இருந்தது. இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பயனில்லை.

அடுத்த திங்கட்கிழமை சுகந்தியை மாற்றிவிட்டார்கள். அன்று அவள் ஒத்தடத்துக்கு வரவில்லை. நாத்தனார் இரண்டாவது பாயை விரித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ராணி வந்து விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் உப்பு மூட்டையை என் கையில் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க. எனக்குக் கை வலிக்குது."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

8. குழுக் கூட்டம்

மீதி நாட்களை நானே ஓட்டினேன். தழை ஒடிக்க ஆள் கேட்டு நின்றேன். எட்டாத இடத்தில் ஒத்தடம் வைக்க முடியாமல் சுவரில் மூட்டையைச் சாய்த்து அதன் மேல் சாய்ந்துகொண்டேன். புதிதாக வந்தவளுடைய கிச்சடி பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று ராணி சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். சந்தோஷமாக இல்லை. முன்னைப்போல மதியம் பசியோடு வந்து என் சோற்றைச் சாப்பிடுவார்கள் என்று நான் ஏங்கியது, பிள்ளைகள் காலையில் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஏங்கியதுதான். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாதக் கூட்டத்துக்குப் போனேன். இருபது பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி ஓரத்தில் இருந்தாள். என்னால் தரையில் உட்கார முடியாது, நின்றபடியே பேசினேன். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியானால் இடுப்பு வலி என்று சொன்னது பொய்யா என்று தலைவி கேட்டார்.

"நெசந்தான். எனக்கும் நெசந்தான். வலியோட வேல பாக்கக் கூடாதுன்னா மொதல்ல என்னையத்தான் அனுப்பியிருக்கணும். நான் புள்ளைங்களுக்காகச் சொல்லல. அவ சோறு நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. அது பொறுக்காமத்தான் சொன்னேன்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். சுகந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவளைத் திரும்ப அனுப்பினார்கள். நான் டாக்டர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் சோற்றைத் தூக்கி வடிக்கவில்லை, முக்காலியும் கூடையும் அரிகரண்டியும்தான். சுகந்தி என்னிடம் தேவைக்குப் பேசினாள். அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் என் வீட்டுக்கு அப்புறம் வரவே இல்லை. நாத்தனாரிடம் மட்டும் போனில் பேசுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் எரிகிறது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இடுப்பு பிடித்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் நொச்சியோ உளுந்தோ, அவசரப்படாமல் செய்யுங்கள். அடுத்தவள் சோறு நன்றாக இருக்கிறது என்று காதில் விழுந்தால் வயிறு எரியத்தான் செய்யும், எல்லாருக்கும் எரியும். அந்த நேரத்தில் எதையும் தூக்காதீர்கள், யாரைப் பற்றியும் வாயைத் திறக்காதீர்கள். நான் இரண்டையும் செய்தேன். தூக்கியதால் வந்தது மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது.